தொண்ணூற்றொரு வாக்குகளில் ஓர் ஆட்சி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2023இல் பெங்களூரு ஜெயநகர் தொகுதியின் முடிவு, மறு எண்ணிக்கைக்குப் பின் வெறும் 16 வாக்குகளில் தீர்ந்தபோது, எங்கள் தெருவில் பலரும் அதைச் சந்தேகத்தோடுதான் பேசினார்கள். அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1962இல் நடந்த ஆளுநர் தேர்தல். (நம் ஆளுநர் நியமிக்கப்படுபவர், அங்கே அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, நம் முதலமைச்சரைப் போல ஆட்சி நடத்துபவர்.)

ஏறத்தாழ 12.5 லட்சம் வாக்குகள் பதிவான அத்தேர்தலில், பதவியில் இருந்த எல்மர் ஆண்டர்சன் முதலில் 142 வாக்குகள் முன்னிலை பெற்றிருந்தார். வாக்குச்சீட்டுகள் மீண்டும் கையால் எண்ணப்பட்டு, ஆட்சேபத்துக்கு உள்ளானவை மூன்று நீதிபதிகள் முன் வைக்கப்பட்டு, 1963 மார்ச்சில்தான் கார்ல் ரோல்வாக் 91 வாக்குகளில் வென்றதாக முடிவானது. ஆண்டர்சன் மேல்முறையீடு செய்யாமல் விலகினார். அந்தப் பெருந்தன்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் நாட்டில் மறு எண்ணிக்கை என்பது வேட்பாளர் எழுத்தில் கோர, தேர்தல் நடத்தும் அலுவலர் ஏற்கவோ மறுக்கவோ கூடிய ஒன்று. அதன்பின் 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்வதே வழி. 2004இல் சந்தேமரஹள்ளியில் ஒரே ஒரு வாக்கில் வெற்றி தோல்வி அமைந்ததைக் கண்ட கர்நாடகத்தில் வாழ்பவன் என்ற முறையில் கேட்கிறேன்: வித்தியாசம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், எவரும் கோராமலேயே மறு எண்ணிக்கை நடக்க வேண்டும் என்று விதிகளில் சேர்க்கத் தேர்தல் ஆணையமும் மத்திய அரசும் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு.