பதின்மூன்று கேள்விக்குறிகள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து இரண்டு வாரமாகச் சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக நடக்கிறது. இப்போது சுவரில் இருக்கும் அழுக்கெல்லாம் தெரிகிறதாம், எனக்குத்தான் வேலை. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம், கோபித்துக்கொள்ளாதே.

சரி, உன் நூலக சர்வர் விஷயத்துக்கு வருகிறேன். டெர்மினலில் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாக ஓட்டினால் டேட்டாபேஸ் முகவரியே தெரியவில்லை என்கிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரிப்பு வந்தது. உன்னைப் பார்த்து இல்லை, என் பழைய கதை ஞாபகம் வந்து.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு ஜாவாவில் பில் புரோகிராம் எழுதிக் கொடுத்தேனே, அந்தக் கதைதான். ஜாவா 8, மெஷின் எழும்போது புரோகிராமைத் துவக்கிவைக்கும் பழைய இனிட் ஸ்கிரிப்ட். கடை மூடும்போது அன்றைய விற்பனையை ஒரு சிஎஸ்வி கோப்பாக எழுதிவைக்கும். ஒருநாள் ராத்திரி மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டு, மெஷின் தானாக எழுந்தது. மறுநாள் கோப்பில் பொருள் பெயர் இருக்கவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி. குத்துவிளக்கு என்பது ஏழெழுத்து, ஆனால் பதின்மூன்று கேள்விக்குறி இருந்தது. புள்ளியையும் துணைக்குறிகளையும் யூனிகோடு தனித்தனியாக எண்ணுகிறது இல்லையா, அந்தக் கணக்கு.

நான் வீட்டிலிருந்தே எஸ்எஸ்எச் வழியாக அந்த மெஷினுக்குள் நுழைந்து ஸ்கிரிப்டை நேரடியாக ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தேன். தமிழ் திரும்ப வந்துவிட்டது. முதலாளி காபி வாங்கிக் கொடுத்தார். அடுத்த மின்வெட்டில் மறுபடியும் கேள்விக்குறி. இப்படி மூன்று முறை மாப்ளே! மூன்றாவது தடவைதான் புத்தி வந்து, புரோக் அடைவில் அந்த பிராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின்) என்விரான் கோப்பைத் திறந்து பார்த்தேன். துவங்கும்போது புரோகிராமுக்குக் கைமாற்றப்படும் அமைப்புகள், அதாவது என்விரான்மென்ட் வேரியபிள்கள், அதில்தான் இருக்கும். மெஷின் தானாகத் துவக்கியபோது நாலைந்து வரிதான், அதில் மொழியையும் எழுத்துமுறையையும் சொல்லும் லேங் வேரியபிளே இல்லை. நான் கையால் துவக்கியபோது இருபது வரிக்கு மேல், எல்லாம் என் லாகின் ஷெல்லில் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராமில்) இருந்து ஒட்டிக்கொண்டு போனவை. லேங் இல்லாவிட்டால் ஜாவா 8 வெறும் ஆஸ்கி, அதாவது ஆங்கில எழுத்து மட்டும், என்று எடுத்துக்கொள்ளும். (ஜாவா 18 முதல் தமிழையும் எழுதத் தெரிந்த யுடிஎஃப்-8தான் இயல்பு.) என் கை பட்டதால்தான் அது சரியாக ஓடியது, நானோ சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் இடத்திலும் கோளாறு இதே குடும்பம்தான். டேட்டாபேஸ் முகவரியும் ஒரு என்விரான்மென்ட் வேரியபிள்தானே. சர்வீஸ்களைத் துவக்கி நடத்தும் சிஸ்டம்டி, உன் ஷெல் துவங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பை எட்டிக்கூடப் பார்க்காது. நீ வேரியபிள்கள் இருக்கும் பழைய டீஃபால்ட் கோப்பை அப்படியே சர்வீஸின் என்விரான்மென்ட்ஃபைல் என்று காட்டியிருக்கிறாய், நல்லதுதான். ஆனால் அதில் ஒவ்வொரு வரியும் 'எக்ஸ்போர்ட்' என்ற ஷெல் கட்டளையோடு ஆரம்பிப்பதாக எழுதியிருந்தாய். அந்தக் கோப்பை ஷெல் படிப்பதில்லை, சிஸ்டம்டியே படிக்கிறது. எக்ஸ்போர்ட் வரிகளைச் செல்லாதவை என்று தள்ளிவிட்டு ஜர்னலில் (தன் பதிவேட்டில்) ஒரு வரி முணுமுணுத்துவிட்டுப் போய்விடும், சர்வீஸ் பாட்டுக்குக் கிளம்பிவிடும். நீ ஜர்னலைப் பார்த்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை எல்லா வரியிலும் எடுத்துவிடு. டாலர் போட்டு ஹோம் என்று எழுதியிருந்தாலும் அது விரியாது, முழுப் பாதையையே எழுது.

கோப்பை மாற்றினால் ரீஸ்டார்ட் போதும், ஒவ்வொரு துவக்கத்திலும் புதிதாகப் படிக்கும். சர்வீஸை எப்படி ஓட்டவேண்டும் என்று சொல்லும் யூனிட் கோப்பையே மாற்றினால்தான், அதை மறுபடி படிக்கச் சொல்லும் டீமன்-ரீலோட் கட்டளை வேண்டும். யூனிட்டை நேராகத் திருத்தாமல் சிஸ்டம்சிடிஎல் எடிட் என்ற கட்டளை வழியாகச் செய், பேக்கேஜ் அப்டேட்டில் அடிபடாது.

அப்புறம் கடவுச்சொல். அதை யூனிட்டுக்குள் என்விரான்மென்ட் வரியில் எழுதாதே. சிஸ்டம்சிடிஎல் ஷோ போட்டால் அந்த மெஷினில் லாகின் உள்ள எவருக்கும் தெரியும். போதாததற்கு அங்கே % குறிக்குத் தனி அர்த்தம் உண்டு. கடவுச்சொல்லில் %-க்குப் பின் சின்ன எச் வந்தால் அந்த இடத்தில் ரூட்டின் ஹோம் பாதை போய் உட்காரும், நீ டேட்டாபேஸைத் திட்டிக்கொண்டிருப்பாய். தனிக் கோப்பில், ரூட் மட்டும் படிக்கும்படி 600 அனுமதியோடு வை. சர்வீஸ் வேறு யூசராக ஓடினாலும் கவலையில்லை, கோப்பைப் படிப்பது ரூட்டாக ஓடும் சிஸ்டம்டிதான். அப்போதும் அது பிராசஸின் என்விரானில் இருக்கும், பிள்ளை பிராசஸ்களுக்கும் போகும். அதுவும் வேண்டாமென்றால் ரகசியங்களைத் தனிக் கோப்பாகக் கொடுக்கும் லோட்கிரெடென்ஷியல் என்று ஒன்று சிஸ்டம்டியின் 247ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. உன் புரோகிராம் அதைக் கோப்பாகப் படிக்கவேண்டும், கொஞ்சம் வேலை. நூலகத்துக்கு அவ்வளவு தேவையா என்று நீயே பார்த்துக்கொள்.

பாத்திரக்கடைக்காரர் இப்போது கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். போன மாதம் பார்த்தபோது, "தம்பி, கேள்விக்குறி வருதா?" என்றுதான் முதலில் கேட்டார்.

திருத்திய பிறகும் ஓடவில்லை என்றால் அந்த என்விரான் கோப்பில் உள்ள வரிகளை எனக்கு அனுப்பு. கடவுச்சொல் வரியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பு.

உன்,
முரளி