பின்னறையைத் திறந்துவிட்டேன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கையெல்லாம் தூசியாக இருந்தது. பின்னறையை ஒழித்துக்கொண்டிருந்தேன். ஆமாம், அதே அறைதான். போன முறை வந்தபோது பெட்டியை அங்கே வைக்கட்டுமா என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டுக் கூடத்தில் இடம் பண்ணிக் கொடுத்தேன்.

அம்மா போன பிறகு அந்த அறையில் எதையும் தொடவே கூடாது என்று இருந்தேன். அவள் வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்று ஓர் எண்ணம். ஆனால் சும்மா கிடக்கும் அறை என்றால் வீட்டில் எல்லோர் கண்ணும் அதன்மேல்தான். உடைந்த நாற்காலி, பழைய மெத்தை, டிவி வந்த அட்டைப்பெட்டி என்று ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. எட்டு வருஷத்தில் கதவே பாதிதான் திறந்தது.

ஒழிக்கத் தொடங்கிய முதல் இரண்டு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. நான் அம்மாவின் பெட்டியில் ஆரம்பித்ததுதான் தப்பு. ஒரு போட்டோவை எடுத்தால் அரை மணி நேரம் போய்விடும். மூன்றாம் நாள் அதை மூடி வைத்துவிட்டு, மனசு ஒட்டாத சாமான்களில் கை வைத்தேன். எதற்கென்றே தெரியாத ஒயர்கள், மூடி இல்லாத டப்பாக்கள், காலாவதியான மருந்துகள். சாயங்காலத்துக்குள் தரை தெரிந்தது. போட்டோவையும் கடிதங்களையும் கடைசிக்கு வைத்துக்கொண்டது நல்லதாயிற்று. அதற்குள் எதை விடலாம் என்று மனசு கொஞ்சம் பழகியிருந்தது.

பீரோவை நகர்த்தியபோதுதான் நெஞ்சு பக்கென்றது. பின்சுவர் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரல் வைத்தால் காரை மாவு மாதிரி உதிர்ந்தது. உடனே சுரண்டிவிட்டு பெயின்ட் அடித்துவிடலாம் என்று நினைத்தேன். கொத்தனார் வேண்டாம் என்றார். சுவருக்குள் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு அங்கேயே கட்டிப்பட்டுக் காரையைத் தள்ளும். ஓதம் வரும் வழியை அடைக்காமல் மேலே என்ன பூசினாலும் நிற்காதாம்.

அவர் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக ஈரம். வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக்காற்றின் ஈரம், உள்பக்கம் என்றால் சுவருக்குள்ளிருந்து வருவது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. குழாய் இணைப்பு ஒன்று எத்தனை காலமாகக் கசிந்ததோ! அதை மாற்றி, காரையைக் கொத்தி எடுத்து, ஜன்னலைத் திறந்துபோட்டு ஐந்து வாரம் சுவரைக் காயவிட்டோம். அதற்கப்புறம்தான் பூச்சு.

அம்மாவின் தையல் மிஷின் சக்கரம் இறுகிப்போயிருந்தது. எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டதுதான் காரணம். மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்தேன். இரண்டாம் நாள் இளகியது. பிசினைத் துடைத்துவிட்டு மிஷின் எண்ணெய் விட்டேன். பெல்ட் மட்டும் வெடித்திருந்தது, புதிது போட்டேன். முதல் தையல் ஓடிய சத்தத்தைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாம் கேட்டு வளர்ந்த சத்தம் அது.

பீரோவின் அடித்தட்டில் அவள் அளவு எழுதிய நோட்டுகள் இருந்தன. மூன்றில் இரண்டை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. எடுத்தால் சல்லடை. மிச்சமான ஒன்றில், ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துப் பழுப்பேறிய பக்கத்தில், உன் பெயர். தோள் 14, கை 8. பக்கத்தில் 'வளரும் பிள்ளை, மடித்துத் தைக்கவும்' என்று அவள் கையெழுத்து. துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டு நூலால் தைத்து வைத்திருக்கிறேன். மற்ற இரண்டு நோட்டையும் நான்தான் தின்னக் கொடுத்தேன் என்று இன்னும் வலிக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்றுதானே பீரோவைப் பூட்டினேன்?

அதனால்தான் உன் கடிதத்தில் அப்பாவின் புத்தக அலமாரியைத் திறக்க மனசு வரவில்லை என்று நீ எழுதியிருந்த வரியிலேயே நிற்கிறேன். எதையும் தூக்கிப் போட வேண்டாம். ஒரு புத்தகத்தைக்கூடக் கொடுக்க வேண்டாம். கதவை மட்டும் திற. அலமாரி சுவரோடு ஒட்டியிருந்தால் நாலு விரல் தள்ளிப் போடு, காற்று போகட்டும். புத்தகம் ஈரமாக இருந்தால் வெயிலில் வைக்காதே, தாள் முறுகிவிடும். நிழலில், ஃபேன் காற்றில் பிரித்து வை. தனியாகச் செய்ய முடியாது என்றால் சொல், நான் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நோட்டை அனுப்பவில்லை. நீயே வந்து பார். இந்த முறை உன் பெட்டி பின்னறையில்தான்.

அன்புடன்,
உன் தோழி