ஆங்கரேஜுக்கும் ஒரு வேலை கொடுங்கள்

ஆட்டக்காரர் ஒரு விமான நிறுவனத்தை நடத்தும் விளையாட்டுகளை உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலருடைய விளையாட்டுகளில் விமானத்துக்கு இரண்டே எண்கள்தான்: எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு சரக்கு ஏற்றும். அந்தத் தூரத்துக்குள் எங்கே போனாலும் முழுச் சரக்கு. ஒரு கிலோமீட்டர் கூடினால் வழித்தடமே திறக்காது. நிஜத்தில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துத்தான் நடக்கின்றன.

போயிங் 747-400 சரக்கு விமானத்தையே பாருங்கள். சுமார் 397 டன்னுக்கு மேல் எடை இருந்தால் அது கிளம்பக் கூடாது. விமானம், சரக்கு, எரிபொருள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 110 டன் சரக்கோடு ஏறக்குறைய 8,000 கி.மீ. போகலாம். அதற்கு மேல் என்றால் எரிபொருளைக் கூட்டி, சரக்கைக் குறைக்க வேண்டியதுதான். ஹாங்காங்கிலிருந்து சிகாகோ 12,500 கி.மீ. அதனால்தான் சரக்கு விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்கின்றன. இறங்கி ஏறும் செலவைவிட முழுச் சரக்கில் வரும் வருமானம் பெரிது. உலகின் பெரிய சரக்கு விமான நிலையங்களில் ஆங்கரேஜும் ஒன்றாக இருக்கிறதென்றால், இந்தக் கணக்குதான் முக்கியக் காரணம். உங்கள் விளையாட்டில் அந்த ஊருக்கு வேலையே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்புறம் காற்று. குளிர்காலத்தில் வட பசிபிக்கின் மேலே ஜெட் காற்று, அதாவது விமானங்கள் பறக்கும் உயரத்தில் ஓடும் வேகமான காற்றோட்டம், மேற்கிலிருந்து கிழக்காகப் பலமாக வீசும். ஹாங்காங்கிலிருந்து ஆங்கரேஜுக்கு அது தள்ளிவிடும். திரும்பும்போது எதிர்த்து நிற்கும். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்குச் சராசரியாக 150 கி.மீ. எதிர்க்காற்று என்று வையுங்கள். தரையில் 8,000 கி.மீ. வழி, எரிபொருள் கணக்கில் 9,600 ஆகிவிடும். கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம் கூடுதல். மணிக்குப் பத்து டன் என்றாலும் 17 டன்னுக்கு மேல் எரிபொருள். அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்குத் திரும்பும் சரக்கு பொதுவாகக் குறைவு என்பதால் அங்கே சமாளித்துவிடுகிறார்கள்.

தினசரி வானிலை வேண்டும் என்று கேட்கவில்லை. பருவத்துக்கும் திசைக்கும் ஒரு சராசரிக் காற்று, தூரம் கூடக்கூடச் சரியும் சரக்கு அளவு, இவை போதும். பயணிகள் விமானம் என்றால் முதலில் வயிற்றுப் பகுதிச் சரக்கு (பயணிகள் தளத்துக்குக் கீழே ஏற்றுவது) குறையட்டும், இருக்கைகள் பிறகு. வழித்தடம் திறக்கும் திரையிலேயே போக எத்தனை டன், வர எத்தனை டன் என்று கோடைக்கும் குளிருக்கும் தனித்தனியாகக் காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆட்டக்காரர்களில் ஒருவன்