ஒரு டபுள் பாக்கி

மயிலாப்பூர்,
மார்கழி, ஞாயிறு காலை

அன்புள்ள பார்ட்னருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. லஸ் பக்கம் மெட்ரோக்காரர்கள் தோண்டிப் போட்டிருக்கும் பள்ளத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று பார்த்தேன். நீ நம்ப மாட்டாய். சோம்பல்தான், வேறொன்றுமில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது? வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் போய் நிற்காதே, பெருமாள் தப்பாக நினைக்க மாட்டார்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். வீட்டில் தினம் ஒரு சபா, தினம் ஒரு கச்சேரி. நான் ராகத்தை விட கேன்டீன் போண்டாவைத்தான் நம்பிப் போகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மறுபடி பிரிட்ஜ் ஆட ஆரம்பித்துவிட்டேன். நீ ஸ்ரீரங்கம் போன பிறகு இனி சீட்டைத் தொடுவதில்லை என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கும். எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் குடிவந்திருக்கிறாள். வயது இருபத்தேழு, பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை. கொரோனா ஊரடங்கில் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில் ஆட்டம் கற்றுக்கொண்டாளாம். நம் வீட்டு அலமாரியில் பழைய ஸ்கோர் பேடைப் பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க ஆடுவீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், புதன், சனி சாயங்காலம் போச்சு.

முதல் நாளே, ஏலத்தில் எந்த பிட்டுக்கு என்ன அர்த்தம் என்று பார்ட்னர்கள் பேசி வைத்துக்கொள்கிற கன்வென்ஷன் கார்டை, இரண்டு பக்கம் அச்சடித்து நீட்டினாள். நமக்கு என்ன இருந்தது? நாலு சீட்டு ஆர்ட்டின், ஸ்பேட் விசாரிக்க ஸ்டேமன், ஏஸ் விசாரிக்க பிளாக்வுட், அப்புறம் உன் முகம். இவளுக்கு ஒரு நோ டிரம்புக்கு (துருப்பே இல்லாத ஆட்டம்) பிறகு இரண்டு டைமன் என்றால் டைமன் இல்லை, ஆர்ட்டின். இரண்டு ஆர்ட்டின் என்றால் ஸ்பேட். இரண்டாவது வாரம் நான் இதை மறந்து இரண்டு டைமனில் பாஸ் போட்டுவிட்டேன். ஐந்து ஆர்ட்டினையும் ஒரே ஒரு டைமனையும் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை டைமன் துருப்பில் ஆடியது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாக இருந்தால் மேசையைக் கவிழ்த்திருப்பேன்.

பிளாக்வுட்டும் மாறிவிட்டது. நமக்கு நாலு நோ டிரம்ப் கேட்டால் ஐந்து கிளாவர் ஏஸ் இல்லை, ஐந்து டைமன் ஒன்று, ஐந்து ஆர்ட்டின் இரண்டு. 1933-ல் ஈஸ்லி பிளாக்வுட் சொன்னது அப்படியே. இப்போது துருப்பு ராஜாவையும் ஐந்தாவது ஏஸாக எண்ணுகிறார்கள். ஐந்து கிளாவர் என்றால் ஒன்று அல்லது நாலு, ஐந்து டைமன் என்றால் மூன்று அல்லது பூஜ்யம். 1430 என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வல்னரபிளாக (போனஸும் அபராதமும் கூடுகிற நிலையில்) இருக்கும்போது ஆறு ஸ்பேட் அடித்தால் கிடைக்கும் ஸ்கோரும் 1430 தான். அதற்கப்புறம் எனக்கு மறக்கவே இல்லை.

போன புதன்கிழமை நடந்ததைக் கேள். உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

நான் டீலர். எதிராளிகள் வல்னரபிள், நாங்கள் இல்லை. என் கையில் ஆர்ட்டின் ஏழு: ராஜா, ராணி, ஜாக், ஒன்பது, அப்புறம் பொடிகள். ஸ்பேட் ஒற்றை ஐந்து, டைமன் எட்டும் மூன்றும், கிளாவர் ஜாக், பத்து, இரண்டு. பெரிய சீட்டுக் கணக்கில் ஏழு பாயிண்ட். மூன்று ஆர்ட்டின் என்று ஏலத்தைத் திறந்தேன், அது சரியான பிட்தான். இடது பக்கத்துக்காரர் மூன்று ஸ்பேட். இவள் பாஸ். வலது பக்கம் நாலு ஸ்பேட். என்னிடம் வருகிறது. கையில் இருக்கும் ஏழு ஆர்ட்டினும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. ஐந்து ஆர்ட்டின் என்றேன். வலது பக்கத்துக்காரர் ஒரு நொடிகூட யோசிக்காமல், உன்னால் முடியாது என்று டபுள் போட்டார்.

டம்மி, அதாவது அவள் கை, மேசையில் இறங்கியதும் வயிற்றைப் பிசைந்தது. அவளிடம் ஆர்ட்டின் ஒன்றே ஒன்று. ஸ்பேடில் ராணி, ஜாக், ஒன்பது, நாலு. டைமனில் ஏஸ், ராஜா. கிளாவரில் ஏஸ். ஸ்பேட் கேட்டவருக்கு நேர் பின்னால், தூண்டில் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு பாஸ் போட்டிருந்தால் நாலு ஸ்பேடை டபுள் பண்ணியிருப்பாள். குறைந்தது இரண்டு பிடி டவுன், எங்களுக்கு 500. நான் என்ன செய்தேன்? ஒரு ஸ்பேட், இரண்டு ஆர்ட்டின், ஒரு கிளாவர் கொடுத்து இரண்டு டவுன், அவர்களுக்கு 300. ஒரே பிட்டில் 800 கைமாறியது.

அவள் கோபப்படவில்லை. "அங்கிள், மூணு ஆர்ட்டின் சொன்னப்பவே உங்க கையைச் சொல்லி முடிச்சிட்டீங்க. அப்புறம் நான்தானே கேப்டன்?" என்றாள். நாற்பது வருஷம் ஆடியவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஒரே ஏழு சீட்டுக்கு இரண்டு தடவை பணம் கேட்கக் கூடாது என்று புதுசாக வருகிறவர்களுக்கெல்லாம் நானே சொல்லியிருக்கிறேன். பார்ட்னருக்கும் பதிமூன்று சீட்டு கொடுத்திருக்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் மறந்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் அவள்தான் சரி என்று நினைத்துவிடாதே. பன்னிரண்டு பாயிண்ட் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு திறப்பாள். ராணியும் ஜாக்கும் மட்டும் தனியாக இருக்கிற இரண்டு சீட்டு கணக்கில் மூன்று பாயிண்ட்; மேசையில் எதிராளியின் ஏஸும் ராஜாவும் அதைத் தின்றுவிட்டுப் போய்விடும். பத்தும் ஒன்பதும் கணக்கிலேயே வராது, ஆனால் நோ டிரம்பில் கேமை அடித்துக் கொடுப்பது அதுதான். இதை இரண்டு தடவை மேசையிலேயே காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டாள். அச்சடித்த கார்டில் இதையெல்லாம் எங்கே எழுதுவது?

அந்த ஐந்து ஆர்ட்டின் ஏன் என் வாயிலிருந்து வந்தது என்று நாலு நாளாக யோசிக்கிறேன். வாயிலிருந்து என்பதே தப்பு, இப்போது யாரும் வாயைத் திறப்பதில்லை. மேசை மூலையில் ஆளுக்கொரு பிட்டிங் பாக்ஸ். சொல்ல வேண்டியதை அட்டையாக எடுத்து வைக்க வேண்டும். அவள் பாஸ் அட்டையை வைத்தபோது எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. நீயாக இருந்தால் கேட்டிருக்கும்.

பாரிமுனையில் நம் பேங்க் ரெக்கார்ட் ரூம் ஞாபகம் இருக்கிறதா? மதியம் ஒன்று பத்திலிருந்து இரண்டு வரை, டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டு. எட்டு ஒன்பது பாயிண்ட் இருந்தால் நீ பாஸ் சொல்வதற்கு முன்னால் லேசாகச் செருமுவாய். ஒன்றுமே இல்லையென்றால் 'பாஸ்' டக்கென்று விழும். 'ஒரு ஸ்பேட்' என்பதை நீ இழுத்துச் சொன்னால் நான் கேம் பக்கமே போக மாட்டேன். அந்தச் செருமலை நம்பி எத்தனை கேம் அடித்திருக்கிறேன். அதைத்தான் நம் இருவருக்கும் இருந்த புரிதல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்ட்னரின் குரலிலிருந்தும் தயக்கத்திலிருந்தும் தெரிந்துகொண்டதை வைத்து பிட் பண்ணக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. அப்படிப் பார்த்தால் நாம் பாதி நாள் திருட்டு ஆட்டம்தான் ஆடியிருக்கிறோம், தெரியாமலேயே. (எனக்குக் கொஞ்சம் தெரியும்.)

இதோடு சேர்ந்து இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

94-ல் நீ கல்கத்தாவில் ஆறு மாதம் டெபுடேஷன் முடித்துவிட்டு வந்த புதிது. நான் ஒரு டைமன் திறந்தேன். எதிராளி ஒரு ஸ்பேட். நீ டபுள் சொன்னாய். செருமல் இல்லை, இழுவை இல்லை, சாதாரணமாகச் சொன்னாய். நமக்கு டபுள் என்றால் அடி என்றுதான் அர்த்தம். நான் பாஸ் போட்டேன். அவர்கள் ஒரு பிடி கூடுதலாகவே எடுத்து 260 எழுதிக்கொண்டார்கள். பார்த்தால் உன்னிடம் நாலு ஆர்ட்டின், என்னிடமும் நாலு. எட்டு ஆர்ட்டினை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் ஸ்பேடில் ஆட விட்டோம்.

அத்தனை பேர் முன்னாலும், "டபுளுக்கு அர்த்தம் தெரியாதா உனக்கு? கல்கத்தாவில் இதுதான் கற்றுக்கொண்டாயா?" என்று கேட்டேன். நீ சீட்டை அடுக்கிச் சீட்டுக்கட்டோடு வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விட்டாய்.

அதுதான் நெகடிவ் டபுள், அடிப்பதற்கு இல்லை, இன்னும் யாரும் கேட்காத ஆர்ட்டின் என் கையில் இருக்கிறது என்று பார்ட்னருக்குச் சொல்வதற்கு என்று இப்போது இந்தப் பெண் சொல்லித் தெரிகிறது. ஆல்வின் ராத் 1957-ல் கொண்டுவந்தது. அதே வருஷம் ரஷ்யாக்காரன் விட்ட செயற்கைக்கோளின் பெயரை வைத்து ஸ்புட்னிக் என்றும் சொல்வார்களாம். அவள் ஒரு சாயங்காலத்தில் நாலைந்து தடவை ஒன்றாம் மட்டத்தில் டபுள் போடுகிறாள். மூன்றாவது தடவை அவள் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. 94-க்கு அப்புறம் நீ ஒன்றாம் மட்டத்தில் டபுள் சொன்னதே இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆடியிருக்கிறோம், ஒரு தடவைகூட இல்லை. நல்ல கை வைத்துக்கொண்டு எத்தனை முறை சும்மா பாஸ் போட்டாயோ! எனக்குத் தெரியாததை நீ கற்றுக்கொண்டு வந்தாய், நான் அதைக் கேலி பண்ணி அடைத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான்டா.

2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், பிரிட்ஜில் நம் நாட்டுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த ஜோடியும் கல்கத்தாதான். பிரணாப் பர்தனுக்கு அப்போது அறுபது, ஷிப்நாத் சர்க்காருக்கு ஐம்பத்தாறு. அன்று காலை பேப்பரை வீட்டில் விரித்துக் காட்டி, "பார், இதைத்தான் வெட்டிச் சீட்டாட்டம் என்றாய்" என்று சொன்னேன். "அவங்க தங்கம் கொண்டுவந்தாங்க, நீங்க என்ன கொண்டுவந்தீங்க?" என்று பதில் வந்தது. நியாயம்தான்.

பொங்கல் முடிந்ததும் ஒரு வாரம் வந்துவிட்டுப் போ. மலைக்கோட்டையில் ஏறினால் காலைக் காப்பிக்கு இங்கே இருக்கலாம். முழங்காலுக்கு லோயர் பெர்த் கேட்டு இப்போதே டிக்கெட் போட்டுவிடு. அந்தப் பெண் தன் கூட்டாளி ஒருத்தியை அழைத்து வருவதாகச் சொல்கிறாள். நாமிருவரும் ஒரு பக்கம். கன்வென்ஷன் கார்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நெகடிவ் டபுள், மூன்று ஸ்பேட் வரைக்கும் என்று பேனாவில் எழுதியிருக்கிறேன், உனக்குச் சம்மதமா என்று மட்டும் போன் பண்ணிச் சொல்.

இப்படிக்கு,
உன் எதிர் நாற்காலி