குத்தகைப் பத்திரம் எழுதிய வக்கீல், இளைய வக்கீல்களுக்கு எழுதுவது

இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து சட்டம் முடித்து, பார் கவுன்சிலில் பதிந்துவிட்டு, சென்னைக்கோ டெல்லிக்கோ பெட்டி கட்டும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். "சோலார், காற்றாலை கேஸ்ல எதிர்காலம் இருக்காண்ணே?" என்று இந்த வருடம் உங்களில் சிலர் கேட்டீர்கள். இருக்கிறது, காசும் இருக்கிறது. ஆனால் அந்த வேலை எந்தப் பக்கம் உட்கார்ந்து செய்யப்படுகிறது என்பதைச் சொல்லாமல் அனுப்பினால் எனக்குத் தூக்கம் வராது.

2016-இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்த பிறகு, நம் பக்கத்துக் கருவேலங்காட்டுக்கும் விலை உண்டு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் நிலம் தேடி வந்த ஒரு நிறுவனத்துக்கு நான் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, மூலப்பத்திரம் தேடுவது, யுடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்பில் தப்பாக ஏறிய பட்டாவைத் திருத்துவது, கூட்டுப்பட்டாவில் பெயர் உள்ள, சவுதியில் இருக்கும் தம்பியிடம் பவர் வாங்குவது. இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. முதுகுளத்தூர் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு நடத்திய அனுபவம்தான் கைகொடுத்தது.

குத்தகைப் பத்திரமும் நான்தான் எழுதினேன். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நிலம் அவர்கள் கையில். வாடகை மட்டும் மின்சாரம் ஓடத் தொடங்கிய பிறகு. கம்பெனி நினைத்தால் நோட்டீஸ் கொடுத்து விலகலாம், நிலத்துக்காரர் விலக முடியாது. குத்தகை உரிமையை வங்கியில் அடமானம் வைக்கலாம். எல்லாம் சட்டப்படி சரி. வாசித்துக் காட்டியபோது ஒரு ஆத்தா கேட்டார்: "ஏய்யா, இவுக போகும்போது இந்தக் கண்ணாடியையெல்லாம் யாரு எடுப்பா?" பதில் பத்திரத்தில் இல்லை. என்னிடமும் இல்லை. ரேகை வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் நான் நிலத்துக்காரர்கள் பக்கம் மாறினேன். 2022-இன் மின்னணுக் கழிவு விதிகள் சோலார் தகடுகளையும் சேர்த்துக்கொண்டன. கழிவாகும் தகடுகளை 2034-35 வரை சேமித்து வைப்பது உற்பத்தியாளர் பொறுப்பு என்கின்றன. நல்லது. ஆனால் அது உற்பத்தியாளருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நடுவிலான கணக்கு. ஆத்தாவின் நிலத்தில் ஊன்றிய இரும்புக் காலையும் சிமெண்டையும் பிடுங்கி, மண்ணைப் பழையபடி விட வேண்டும் என்றால் அது குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரியாக இருக்க வேண்டும். கூடவே அதற்கு ஒரு வைப்புத்தொகையும்.

ஏன் பத்திரத்தையே பிடித்துத் தொங்குகிறேன் என்று கேட்கலாம். அனல்மின் நிலையம் வந்தால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். அதிகாரிகள் முன்னால் மைக்கைப் பிடித்துக் கத்தவாவது ஒரு நாள் கிடைக்கும். தகடு வைத்து மின்சாரம் எடுக்கும் சோலார் நிலையத்துக்கு அந்த முன் அனுமதி தேவையில்லை, அதனால் கூட்டமும் இல்லை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் குறுக்கே வேலி விழுகிறதா என்று புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) விரித்துப் பார்க்க ஊரில் ஒரு ஆள் வேண்டும். மழையை நம்பிக் கண்மாய் வைத்திருக்கிற ஊரில் அந்த ஆள் வக்கீலாக இருந்தால் நல்லது.

சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை. கருவேலம் மண்டிக் கிடந்த நிலத்துக்கு வருடாவருடம் காசு வருவது எங்கள் தலைமுறை பார்க்காத விஷயம். 2024 மார்ச்சில், கானமயில் என்ற அரிய பறவையைக் காக்கப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21-ஆம் உறுப்புகளில் அடங்கும் என்றது. அந்த உரிமை ஆத்தாவுக்கும் உண்டு. மழை பொய்க்கும்போது முதலில் காய்வது அவர் நிலம்தானே.

அடுத்தது கடல். கடல் காற்றாலைக்கான தேசியக் கொள்கை 2015-இல் வந்தது. அதற்காகக் கடலைக் குத்தகைக்கு விட 2023-இல் வந்த விதிகள் 1976-ஆம் ஆண்டுக் கடல் மண்டலச் சட்டத்தின் கீழ் பிறந்தவை. குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 என்று ஆயிரம் மெகாவாட்டுக்காக 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. மன்னார் வளைகுடாவில் காற்று பலமாக வீசுவது பாம்பன்காரர்களுக்குப் புதுச் செய்தியில்லை. ஆனால் நிலத்துக்காரருக்காவது பட்டா இருக்கிறது. பாசி எடுக்கும் பெண்களுக்கும் வலை விரிப்பவர்களுக்கும் கடலில் ஒரு சென்ட் எழுதிக் கொடுக்கப்படவில்லை. அங்கே 21 தீவுகளைச் சுற்றிய கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லையை வனத்துறை வழியாகத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். கேபிள் எங்கே கரையேறும், அந்த நாட்களில் எங்கே தொழில் செய்வது, நஷ்டத்தை யார் எப்படிக் கணக்கிடுவது என்று திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

சென்னையில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம், டெல்லியில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அங்கே சீனியர்கள். போய்க் கற்றுக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன். மின் கொள்முதல் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கத் தெரியாதவரை வைத்துக்கொண்டு ஊருக்கு என்ன பிரயோஜனம்? ஆணையத்துக்கு மின்கட்டண மனு வந்தால் பத்திரிகையில் அறிவிப்பு வரும். பொதுமக்கள் யாரும் ஆட்சேபம் எழுதலாம். நம் மாவட்டத்திலிருந்து ஒரு கடிதமாவது போகட்டும்.

கிளம்பும் முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் பதிவான சோலார் குத்தகை ஒன்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்குங்கள். குத்தகை முடியும் நாளில் என்ன நடக்கும் என்று எழுதிய இடத்துக்குப் போய், அங்கே அடிக்கோடு போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என் ஆபீஸ் திறந்திருக்கும், எடுத்துக்கொண்டு வாருங்கள். என் பழைய பத்திரத்தையும் எடுத்து வைக்கிறேன், அதற்கும் சேர்த்து அடிக்கோடு போடலாம். டீ என் கணக்கு.

அன்புடன்,
இராமநாதபுரம் கோர்ட்டில் உங்களுக்கு முன்னால் கறுப்புக் கோட்டு மாட்டிய ஒரு அண்ணன்