‘முத்துக்குளிப்போர்’ ஓபராவை மேடையேற்றும் கலை இயக்குநர்களுக்கு

வணக்கம்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜார்ஜ் பிஸே என்றால் உலகத்துக்கு ‘கார்மென்’ என்ற ஓபரா, அதாவது இசைநாடகம். நான் எழுதுவது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, 24 வயதில் அவர் இசையமைத்த ‘முத்துக்குளிப்போர்’ பற்றி. கதை பழங்கால இலங்கைக் கரையில் நடக்கிறது. அந்தக் கடல் எங்கள் கடல் என்ற உரிமையில்தான் இந்த மடல்.

1863 செப்டம்பர் 30 அன்று பாரிஸின் தெயாத்ர் லிரிக் அரங்கில் அது அரங்கேறியது. ‘ஃபிகாரோ’ பத்திரிகையின் விமர்சகர், கதையில் குளிப்பவர்களும் இல்லை, இசையில் முத்துகளும் இல்லை என்று எழுதிவிட்டார். இசையமைப்பாளர் பெர்லியோஸ் பாராட்டியும் பயனில்லை. பதினெட்டு முறை நடந்தது, அவ்வளவுதான். 36 வயதில் இறக்கும்வரை பிஸே அதை மறுபடி மேடையில் பார்க்கவில்லை.

இசையில் முத்து இல்லையா? கதைநாயகன் நதீர் தனியாகப் பாடும் அந்தப் பாட்டைக் கேளுங்கள். என்றோ கேட்ட ஒரு பெண்குரல் அவன் காதில் திரும்ப ஒலிக்கிறது. துடுப்பை எடுத்துவிட்டு அலையின் போக்கில் விட்ட தோணி மாதிரி தாளம் ஆடுகிறது. குரல் உரக்க எழாமல், மெல்ல மேலே போய் அங்கேயே நிற்கிறது. பத்து வயதுக்கு முன்பே பாரிஸ் இசைக் கல்லூரியான கன்செர்வத்வாரில் சேர்ந்து, 17 வயதில் சிம்பொனி எழுதி, 1857இல் இளம் இசையமைப்பாளர்களுக்கான ரோம் பரிசு வாங்கியவரின் கை அது.

விமர்சகர் சொன்னதில் மற்றப் பாதி மட்டும் உண்மை. கதாசிரியர்கள் முதலில் மெக்சிகோவில் வைத்த கதையைத்தான் இலங்கைக்கு மாற்றினார்கள். குளிப்பவர்கள் வருவார்கள், பாடுவார்கள். ஆனால் அவர்கள் மூழ்கி எழும் வேலை கதையில் எங்கே?

மன்னார் வளைகுடாவில் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, கூடும்போது அரிப்பு என்னும் இலங்கைக் கடலோர ஊரின் கரையே பெரிய ஊராகிவிடும். தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் பரவர்களும் முஸ்லிம்களும் தோணியேறி வருவார்கள். கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவர் இறங்குவார். மேலே கயிறு பிடித்திருப்பவரின் கையில்தான் அவர் உயிர். சுறா நெருங்காமல் மந்திரம் சொல்லக் கடல்கட்டி என்று ஒருவர் உண்டு. அவர் இல்லாமல் குளிக்க மறுத்தவர்கள் இருந்ததால், ஆங்கிலேய அரசே அவருக்குக் கூலி கொடுத்தது.

இப்போது உங்கள் லெய்லாவைப் பாருங்கள். முக்காடிட்ட பெண், பாறைமேல் நின்று, கடலில் இறங்கியவர்களைக் காக்கப் பாடுகிறாள். கடல்கட்டி செய்த வேலையும் அதுதானே! இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பிஸே இறந்த பிறகு வேறு கைகள் அந்த ஓபராவைத் திருத்தின; ஒரு பாட்டின் முடிவையே மாற்றின. 1863ஆம் ஆண்டு வடிவத்தைத் தேடி மீட்டுப் பாட வைத்தவர்கள் நீங்கள். அந்தப் பாட்டின் முடிவுக்காக அவ்வளவு மெனக்கெட்டவர்களிடம்தான் கேட்கிறேன். அடுத்த முறை எந்த நாட்டுச் சாயலும் இல்லாத பொதுவான ‘கீழைத்தேசத்து’ உடைகளை விட்டுவிடுங்கள். முதல் அங்கத்தில் ஒரு கல்லும் கயிறும், அதைப் பிடித்தபடி ஒருவரும் மேடையில் இருக்கட்டும். நிகழ்ச்சிக் கையேட்டில் மன்னாருக்கு இரண்டு பக்கம் கொடுங்கள். கடல்கட்டி பற்றியும் அதில் எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் ரசிகர்