வள்ளி என்னும் பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெண் குழந்தைகளுக்கு ஏற்ற பெயர்கள் என்று சென்ற ஞாயிறு மலரில் வந்த பட்டியலில் வள்ளி இல்லாதது கண்டு வருந்தினேன். என் பேத்திக்கு அப்பெயரைச் சூட்டலாம் என்று நான் சொன்னபோது, அது கிழவிகளின் பெயர் என்று வீட்டிலும் மறுத்துவிட்டார்கள்.

வள்ளி என்பது மலைச்சாரலில் படர்ந்து, மண்ணுக்குள் கிழங்கு வைக்கும் கொடி. அக்கிழங்கை அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தையாதலால் வேடர் தலைவன் நம்பிராசன் தன் மகளுக்கு அப்பெயரை இட்டான் என்கிறது கந்தபுராணம். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, நற்றிணையின் 82ஆம் பாடலில், முருகனோடு கூடிச் சென்ற வள்ளியைப் போன்றவளே என்று தலைவன் தன் தலைவியைப் போற்றுகிறான்.

பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, உழாமலே நான்கு விளைபொருள்களைத் தரும் அம்மலையைப் பசியால் பணிய வைக்க இயலாது என்று கபிலர் அவர்களுக்குச் சொன்னார் (புறநானூறு 109). மூங்கில் நெல், பலா, தேன் ஆகியவற்றோடு அவர் எண்ணிய மற்றொரு பொருள் வள்ளிக்கிழங்கு. மலாயாவில் ஜப்பானியர் ஆட்சியில், 1941 முதல் 1945 வரை, அரிசிக்கு வழியில்லாத நம் தோட்டத்து மக்களின் உயிரைக் காத்ததும் ஒரு வள்ளிதான். மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து வந்த வேறு செடி என்றாலும், அதற்குப் பெயரிட்டவர்களின் நாவில் முதலில் வந்தது தாங்கள் அறிந்த வள்ளியின் பெயரே. அக்கிழங்கை அவித்துத் தின்று வளர்ந்த என் தாயாரின் பெயரும் வள்ளியம்மை. தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914இல் பதினாறாம் வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரும் அதுவே; இதைக் கிழவிகளின் பெயர் என்று எப்படிச் சொல்வது?

பெயரிட எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரகதவல்லி, அமிர்தவல்லி ஆகிய பெயர்களில் வருவது வல்லி. அதற்கும் கொடி என்றே பொருள். ஆனால் அடையாள அட்டையின் ரோமன் எழுத்தில் வள்ளியும் வல்லியும் ஒன்றாகிவிடுவதால், தமிழில் எழுதும்போதும் பலர் 'வல்லி' என்றே எழுதிவிடுகிறார்கள். குழந்தை எழுதப் பழகும் முதல் நாளிலேயே ளகரத்தைக் கைபிடித்து எழுதிக் காட்டிவிட்டால் இக்குழப்பம் வராது.

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் வள்ளி மணாளா என்று மனமுருகி அழைக்கிறோம். அப்பெயரை நம் வீட்டுக் குழந்தைக்கு வைக்க ஏன் தயங்குகிறோம் என்பதைத் தங்கள் வாசகர்கள் இப்பகுதியில் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.